ஐம்பது கிராம்

"புது ஊர்ல நான் தொலஞ்சு போயிட்டேன்னா, நான் யார் வீட்டுப் பொண்ணுன்னு அங்க யாருக்குப்பா தெரியும்?"

வீட்டைக் காலி செய்து மூட்டை கட்டிக்கொண்டிருந்த நாளில் பாப்பா இப்படிக் கேட்டாள். ஏழு வயது. கேட்டுவிட்டு அவள் பாட்டுக்கு ஓர் அட்டைப் பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்து விளையாடத் தொடங்கிவிட்டாள். அப்பாவின் கையில் இருந்த கயிறுதான் முடிச்சு விழாமல் அப்படியே நின்றது.

அவர் தராசு பழுது பார்ப்பவர். மளிகைக் கடைத் தராசு, மூட்டை நிறுக்கும் தராசு, மருந்துக் கடையின் சின்னஞ்சிறு தராசு என்று இருபது வருடமாக முள்ளை நடுவில் நிறுத்துவதே வேலை. கம்பெனி அவரை வேறு ஊருக்கு மாற்றியிருந்தது. அங்கே பட்டறைக்கு மேல் இருந்த ஒற்றை அறையில் ஒரு மாதம் தங்கிக்கொள்ளலாம். அதற்குள் வீடு பார்த்தாக வேண்டும்.

மனைவி நர்ஸ். நோயாளியிடம் பேசுவதுபோலவே நிதானமாகப் பேசுவாள்.

"ரெண்டே விஷயங்க. வாடகை கையைக் கடிக்கக் கூடாது. அப்புறம், எல்லாரும் ஒரே அச்சுல வார்த்த மாதிரி இருக்கிற தெரு வேண்டாம். அங்க நாமதான் வேத்தாளா நிப்போம். ஆளுக்கு ஒரு விதமா இருக்கிற தெருன்னா நாமளும் அதுல ஒரு விதம். பாப்பாவை யாரும் முறைச்சுப் பார்க்க மாட்டாங்க."

"அது நல்ல தெருவான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

"நாலு பேரைக் கேளுங்க."

"தராசு சரியா இருக்கான்னு தராசையே கேட்பாங்களா? எடைக்கல்லை வெச்சுப் பார்க்கணும்."

"ஆரம்பிச்சுட்டீங்களா" என்று சொல்லி அவள் வேலைக்குக் கிளம்பிவிட்டாள்.

அவர் தேர்ந்தெடுத்த எடைக்கல், பாப்பாவின் குடை. மஞ்சள் துணி, வாத்துத் தலை வைத்த பிடி. பல் விழுந்த காலத்தில் பாப்பா கடித்துக் கடித்தே அந்த வாத்தின் அலகை மழுக்கியிருந்தாள். அந்தக் குடையை ஒரு தெருவில் மறந்ததுபோல விட்டுவிட வேண்டியது. பிறகு வந்து பார்க்க வேண்டியது. ஒரு குடையைக் காப்பாற்றாத தெரு குழந்தையை எங்கே காப்பாற்றப்போகிறது என்பது அவர் கணக்கு. பாப்பாவிடம் சொல்லவில்லை. அவள் வாயில் ரகசியம், ஓட்டைப் பானையில் தண்ணீர்.

முதலில் பார்த்த பகுதி அகலமான சாலைகளும் உயரமான கேட்டுகளும் உள்ளது. வாடகை அவர் சம்பளத்தை எட்டிப் பார்த்தது. இருந்தாலும் பார்த்துவிடலாம் என்று ஒரு பூங்கா பெஞ்சில் குடையை விட்டார். மறுநாள் மாலை போனால் விட்ட இடத்தில் விட்டபடி இருந்தது. இரவு பெய்த மழையில் நனைந்து, மேலே காக்கை எச்சத்தோடு.

"பார்த்தியா? ஒருத்தர் தொடல" என்று மனைவியிடம் பெருமையாகச் சொன்னார்.

அவள் குடையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "ராத்திரி முழுக்க மழை. ஒரு குழந்தையோட குடை நனையுதேன்னு எடுத்து ஓரமா வைக்கக்கூட ஒரு கை நீளலயே. அதுக்குப் பேரு நாணயமாங்க?"

தெருக்களுக்கு மதிப்பெண் போட அவர் ஒரு நோட்டு வைத்திருந்தார். அதில் எழுதியிருந்த நூறை அடித்துவிட்டு முப்பது என்று போட்டார்.

அடுத்தது, ரயில் பாதைக்குப் பின்னால் இருந்த ஒரு தெரு. தையல் கடைக்கு மேல் இரண்டு அறை காலியாக இருந்தது. வாடகை, கேட்டவுடன் திரும்பக் கேட்கத் தோன்றும் அளவுக்குக் குறைவு. பலகைகளில் மூன்று விதமான எழுத்து. ஜன்னல்களில் காயும் துணிகளைப் பார்த்தால் எந்த இரண்டு வீட்டுக்காரர்களும் ஒரே மாதிரி உடுத்துவதில்லை என்று தெரிந்தது. கோபத்துக்கு ஆளாளுக்கு ஒரு மொழி. கொடுக்கல் வாங்கலுக்கு எல்லோருக்கும் பொதுவாக ஒரு கலப்படப் பேச்சு.

பாப்பாவையும் அழைத்துக்கொண்டு வந்தவர், பஸ் நிறுத்தத்தில் குடையை நைசாக விட்டுவிட்டுத் தெருவைச் சுற்றினார். மூலையில் இருந்த பழக்கடையில் ஒரு கிலோ ஆரஞ்சு வாங்கினார். இரண்டு தட்டுத் தொங்கும் பழைய தராசு. கடைக்காரம்மா நிறுத்துப் போட்ட பையைக் கையில் வாங்கியதுமே அவருக்குத் தெரிந்துவிட்டது: ஐம்பது கிராம் அதிகம். குனிந்து பார்த்தார். எடைக்கல் வைக்கும் தட்டின் அடியில் ஓர் இரும்பு வாஷர் ஒட்டியிருந்தது.

ஏமாற்றுகிறவர்கள் வாஷரைப் பழத்தட்டின் அடியில்தான் ஒட்டுவார்கள்; அப்போதுதான் பழம் குறைவாக விழும். இந்த அம்மா இடம் மாற்றி ஒட்டியிருக்கிறாள். 'ஏமாத்தக்கூடத் தெரியல, பாவம்' என்று நினைத்துக்கொண்டு, பத்து மதிப்பெண் குறைத்தார்.

பஸ் நிறுத்தத்துக்குத் திரும்பியபோது குடையைக் காணோம்.

பூஜ்யம் என்று எழுத அவர் நோட்டை எடுப்பதற்குள் பாப்பா பார்த்துவிட்டாள். "அப்பா, என் வாத்து எங்க?"

"அது... மறந்துட்டேன் கண்ணு."

பாப்பா வாய்விட்டு அழுதாள். பழக்கடைக்காரம்மா கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்தாள்.

"என்ன ஆச்சு தங்கம்?"

"ஒண்ணுமில்லைங்க. பழைய குடைதான்" என்றார் அவர். பழைய என்ற வார்த்தையைக் கேட்டதும் அழுகை இன்னும் ஒரு படி ஏறியது.

கடைக்காரம்மா எதிர்ப்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தாள். தையல்காரர் கழுத்தில் டேப்போடு இறங்கி வந்தார். அவர் பக்கத்துச் சலூனைப் பார்த்துக் கத்தினார். சவரம் பண்ணுகிறவர் கத்தியும் கையுமாக ஓடி வந்தார். அவர் பின்னாலேயே ஒரு பக்கம் சோப்பு நுரையும் ஒரு பக்கம் வழுவழுப்புமாக வாடிக்கையாளரும் வந்தார்.

"விடுங்க, பரவாயில்லைங்க" என்று அப்பா கெஞ்சினார்.

"நீங்க பேசாதீங்க. குழந்தை பொருளை வெச்ச இடம் தெரியல, பரவாயில்லையாமே" என்றார் அரைச் சவரக்காரர். நுரை காயும்வரை தேடினார்கள். பெஞ்சுக்கு அடியில், சாக்கடையில், நின்றுகொண்டிருந்த பஸ்ஸில், ஒரு நாய் படுத்திருந்த மூட்டைக்குப் பின்னால். கிடைக்கவில்லை.

"நாளைக்கு வாங்க. எங்கயும் போயிருக்காது" என்று கடைக்காரம்மா பாப்பாவின் கன்னத்தைத் துடைத்துவிட்டாள்.

மறுநாள் போனார்கள். பழக்கடையின் கொக்கியில் மஞ்சள் குடை தொங்கியது. பளிச்சென்று இருந்தது. துடைத்துக்கூட வைத்திருக்கிறார்களே என்று அவர் நெகிழ்ந்துபோய் ஐந்து மதிப்பெண் சேர்த்தார். பாப்பா குடையை வாங்கிப் பிடியைத் தடவிப் பார்த்தாள். கடைக்காரம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். "ரொம்ப அழகா இருக்கு" என்றாள்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் தொழில் தர்மம் என்று ஒன்று இருக்கிறதே. ஒரு தடவை வைத்த எடை கணக்கில் சேராது; நாலு தடவையாவது வைத்துப் பார்க்க வேண்டும்.

வீடு பார்க்கப் போனபோது தையல் கடையில் குடையை விட்டார். தெருமுனை தாண்டுவதற்குள் தையல்காரர் மூச்சிரைக்க ஓடி வந்து கொடுத்தார். இன்னொரு நாள் சலூன் வாசலில் விட்டார். யாரோ ஒருவர் பட்டறைக்கே தேடிக்கொண்டு வந்து நீட்டினார்.

"நீங்க யாருங்க?"

"நான்தாங்க, அரைச் சவரம். இன்னிக்கு முழுசா முடிச்சாச்சு, அதான் தெரியல."

கடைசியாக பஸ்ஸில் விட்டார். டிரைவர் நடுத்தெருவில் வண்டியை நிறுத்தி, அவர் திரும்பும்வரை ஹாரன் அடித்தார்.

நோட்டில் நூறு என்று எழுதி இரண்டு கோடு போட்டார். அன்று மாலையே மனைவியும் பாப்பாவும் சூழ, தையல்காரரிடம் போய், "வீட்டை நாங்க எடுத்துக்கிறோம்" என்றார்.

தையல்காரர் ஊசியில் நூல் கோப்பதில் ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார்.

"தப்பா நெனைக்காதீங்க சார். வீடு தர்றதுக்கு இல்ல."

"ஏங்க?"

"ஒரே வாரத்துல ஒரே குடையை நாலு தடவை விட்டுட்டுப் போனவர் நீங்க. தெருவுல உங்களுக்கு மறதி அப்பான்னே பேர். நாளைக்கு அடுப்பை அணைக்க மறந்தா? கீழ பூராவும் துணி."

மனைவி கணவரைப் பார்த்தாள். நர்ஸ் ஊசியை எடுப்பதற்கு முன்னால் பார்க்கிற பார்வை அது.

பாப்பா கேட்ட கேள்விக்கு இதைவிட நல்ல பதில் இந்த ஊரில் வேறு எங்கும் கிடைக்காது என்பது அவருக்குத் தெரியும். அந்தப் பதிலைத் தன் கையாலேயே கெடுத்துக்கொண்டாகிவிட்டது. வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னார்.

"எனக்கு மறதி இல்லைங்க. வேணும்னேதான் விட்டேன். நாலு தடவையும். நல்ல தெருவான்னு பார்க்கத்தான்."

தையல்காரர் ஊசியை மெஷின் மேல் வைத்தார். பேச்சுக் கேட்டு வந்திருந்த கடைக்காரம்மா தையல்காரரைப் பார்த்தாள். தையல்காரர் தரையைப் பார்த்தார். அவளோடு வந்திருந்த அரைச் சவரக்காரர் முழுச் சவர முகத்தைத் தடவிக்கொண்டார். அவமானப்படுத்திவிட்டோம், எல்லாம் முடிந்தது என்று அப்பா தலை குனிந்தார்.

"எங்களை எடை போட்டீங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள் கடைக்காரம்மா.

"மன்னிச்சிருங்கம்மா. புது ஊர்ல தொலஞ்சு போனா என்னை யாருக்குத் தெரியும்னு பாப்பா கேட்டுட்டா. அதுக்கு எனக்குப் பதில் தெரியல."

கடைக்காரம்மா தையல்காரரிடம் திரும்பினாள். "சாவியைக் கொடுங்க அண்ணே. மறதிக்காரர்னாத்தானே பயம்? இந்த மனுஷன் அடுப்பை அணைச்சுட்டு, அணைஞ்சுதான்னு நாலு தடவை வந்து பார்ப்பாரு."

சாவி கிடைத்தது.

குடி வந்த அன்று, பாப்பா குடையைப் புது வீட்டின் ஆணியில் மாட்டிவிட்டுச் சொன்னாள்: "இந்த வாத்து என்னுது இல்லப்பா. என் வாத்துக்கு மூக்கு தேஞ்சிருக்கும். இதுக்குப் புதுசா இருக்கு."

ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கைக் கண்ணால் பிடிக்கிறவர், வாத்தின் அலகை இப்போதுதான் பார்த்தார். உண்மையான குடை முதல் நாளே போயிருந்தது. சோதனையில் தெரு தோற்றுப்போய், தன் செலவில் ஒரு குடை வாங்கி மாட்டி வைத்திருக்கிறது.

"நீ ஏண்டா கண்ணு அன்னிக்கே சொல்லல?"

"அந்த ஆயாம்மா அவ்வளவு ஆசையா கொடுத்தாங்க. ஆசையா கொடுத்தா நல்லா இருக்குன்னு சொல்லணும்னு நீதானப்பா சொன்னே."

அன்றைக்கு அவர் வெகுநேரம் பிரார்த்தனை செய்தார். கடவுளிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க ஒன்றும் பாக்கி இல்லாததுபோல் இருந்தது. ஆனால் கடன் பாக்கி இருந்தது. குடைக்கென்று பணம் நீட்டினால் கடைக்காரம்மா முகம் வாடிவிடும். தனக்குத் தெரிந்தது ஒரே ஒரு தொழில்தான்.

மறுநாள் காலை, கடைக்காரம்மா லாரியிலிருந்து கூடை இறக்கிக்கொண்டிருந்தபோது அவர் கடைக்குள் நுழைந்தார். தட்டின் அடியில் இருந்த வாஷரைச் சுரண்டி எடுத்தார், தராசின் முனைகளில் எண்ணெய் விட்டார், முள்ளைச் சரியாக நடுவில் நிறுத்தினார், வாஷரைப் பையில் போட்டுக்கொண்டு, யாரும் பார்க்காமல் வெளியே வந்துவிட்டார். இனி அந்த அம்மாவுக்குக் கிலோவுக்கு ஐம்பது கிராம் நஷ்டமில்லை. மனசு லேசாகிப் பட்டறைக்குப் போனார்.

மாலையில் திரும்பினால் தெருவே கடைக்கு முன்னால் நின்றது.

"என்னாச்சுங்க?" என்று தையல்காரரைக் கேட்டார்.

"எவனோ புண்ணியவான் அந்தம்மா தராசைக் கெடுத்துட்டான் சார்."

"கெடுத்துட்டானா? முள்ளு நடுவுலதானே நிக்குது?"

"அதான் சொல்றேன். இந்தத் தெருவுல பாதிப் பேருக்கு மாசக் கடைசியில கை காலி. சும்மா ரெண்டு பழம் கொடுத்தா ரோஷப்பட்டு வாங்க மாட்டாங்க. தராசு கொடுத்தா வாங்கிக்குவாங்க. அதுக்குன்னே பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி அந்தம்மா தன் கையால ஒட்டுன வாஷர் அது. குடையாகட்டும் பழமாகட்டும், அந்தம்மா கொடுக்கிறது வாங்குறவங்களுக்குத் தெரியாத மாதிரியே இருக்கணும்."

அவர் சட்டைப் பையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டு மாடி ஏறினார்.

மறுநாளும் லாரி வந்தது. கடைக்காரம்மா கூடை இறக்கப் போனாள். தராசுக்காரர் குனிந்து, எடைக்கல் தட்டின் அடியில், பழைய பசைத் தடத்தின் மேலேயே வாஷரை அழுத்தி ஒட்டினார். இருபது வருடத் தொழிலில் அவர் கையால் பொய் சொல்லப் பழக்கிய முதல் தராசு அது. கடவுளிடமும் ஒரு தராசு உண்டு என்று சொல்கிறார்கள். அதன் அடியிலும் இப்படி ஒன்று ஒட்டியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் மனுஷர்கள் பிழைக்கிற வழி ஏது?

சற்று நேரம் கழித்து, ஒன்றும் தெரியாதவர்போல் வந்து, ஒரு கிலோ ஆரஞ்சு வாங்கினார். பட்டறைக்குக் கொண்டுபோய், கதவைச் சாத்திக்கொண்டு, நல்ல தராசில் வைத்துப் பார்த்தார்.

ஐம்பது கிராம் அதிகம்.

சரியாக இருந்தது.