லியோகாதியாவுக்கு வயது நானூறு

போலந்துக் கடற்கரையில் இருக்கும் எங்கள் கதான்ஸ்க் நகரம் ஆயிரம் ஆண்டுத் தொன்மை வாய்ந்தது. அதைக் கட்டி எழுபது ஆண்டுகள் ஆகின்றன. இந்த இரண்டில் முதல் வாக்கியத்தை மட்டும் சொல்வதற்குத்தான் எனக்கு வழிகாட்டி உரிமம் கொடுத்திருக்கிறார்கள்.

போரில் ஊரே செங்கல் குவியலாகி, பிறகு பழைய படங்களைப் பார்த்து வீடு வீடாகத் திரும்பக் கட்டினார்கள் என்பது இங்கே பச்சைக் குழந்தைக்கும் தெரியும். தொன்மைப் பராமரிப்பு அலுவலகத்துக்கு மட்டும் தெரியாது. தெரிந்துவிட்டால் அப்புறம் அது எதைப் பராமரிப்பது? ஆகவே வழிகாட்டிகளுக்கு 'அங்கீகரிக்கப்பட்ட உரை' என்று பச்சை அட்டை போட்ட புத்தகம் ஒன்று தந்திருக்கிறார்கள். அதிலிருந்து மூன்று முறை பிறழ்ந்தால் உரிமம் ரத்து.

நான் இரண்டு முறை பிறழ்ந்தவள். 'இதமான கடற்காற்று' என்று உரையில் இருந்த இடத்தில், "குடையைக் கெட்டியா பிடிச்சுக்குங்க!" என்று கத்தியது முதல் பிறழ்வு. கழிப்பறை எங்கே என்று ஒரு அம்மாள் கேட்டதும் கைகாட்டியது இரண்டாவது. நெப்டியூன் நீரூற்றின் வரலாறு முடியும்வரை யாருக்கும் கழிப்பறை இல்லை என்பது உரையின் நிலைப்பாடு.

மூன்றாவது பிறழ்வு வார்சாவிலிருந்து ரயிலில் வந்தது. ஓய்வுபெற்ற கொத்தனார்கள் பன்னிரண்டு பேர். எண்பத்தைந்துக்குக் கீழே ஒருவரும் இல்லை. நீள வீதியில் ஒரு வாசலுக்கு முன்னால் அவர்களை நிறுத்தி, மேலே தெரிந்த கல்முகத்தைக் காட்டி, வழக்கம்போல ஒப்பித்தேன்.

"இப்பெண் முகம் ஆயிரத்து அறுநூற்று ஒன்பதாம் ஆண்டில் பெயர் அறியப்படாத மேதை ஒருவரால் செதுக்கப்பட்டது. பாதி திறந்த இதழ்கள் கடலின் மறைபொருளை உரைக்கின்றன."

"இல்லம்மா. சூப் இன்னும் ஊத்தட்டுமான்னு கேக்குறா" என்றது ஒரு குரல்.

கைத்தடியை ஊன்றிக்கொண்டு முன்னால் வந்தார் ஒருவர். பெயர் தெயோஃபில்.

"அது என் சம்சாரம் லியோகாதியா. அப்ப கட்டட வேலைக்காரங்க கேன்டீன்ல பால் சூப் ஊத்துவா. எல்லாருக்கும் ஒரு கரண்டி, எனக்கு மட்டும் ஒன்றரை. ஐம்பத்தஞ்சு மே மாசம் அந்த மொகத்த நான்தான் செதுக்குனேன். போன வருஷம் போய்ச் சேந்துட்டா." தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "வேற ஒண்ணும் கேக்கலம்மா. இவனுங்க முன்னாடி, வழிகாட்டி வாயால, ஒரே ஒரு தடவ 'இது லியோகாதியா'ன்னு சொல்லிடுங்க. கேட்டுட்டு அஞ்சு மணி ரயிலேறிப் போயிடறேன்."

நான் அண்ணாந்து பார்த்தேன். இருபத்திரண்டு வருஷமாக அந்த வாசலில் நிற்கிறேன். சூப் ஊற்றட்டுமா என்று கேட்கும் வாயேதான் அது. கூட்டத்தின் பக்கம் திரும்பினேன்.

"இது லியோ..." என்று ஆரம்பித்தேன்.

"மூணு!" என்றது ஒரு குடை.

குடைக்குள் இருந்தவர் தொன்மைப் பராமரிப்பு அலுவலகத்தின் கண்காணிப்பு அதிகாரி கிரெஃப்ட். சுற்றுலாக் கூட்டங்களில் சாதாரண மனிதரைப்போல வேடமிட்டு வருவது அவர் வேலை. அந்த வேடம் அவருக்கு ஒரு நாளும் பொருந்தியதில்லை.

"நீங்க இதச் செதுக்குனதா சொல்றீங்க. உங்க வயசு என்னங்க?"

"எண்பத்தெட்டு சார்."

"சிலைக்கு நானூத்திப் பதினாறு. பதிவேட்டுல இருக்கு."

"அப்ப பதிவேடு தப்பு."

"பதிவேடு தப்புன்னா வாசல் புதுசு. வாசல் புதுசுன்னா வீடு புதுசு. வீடு புதுசுன்னா வீதியே புதுசு. அப்ப நான் எதுக்கு இங்க நிக்கிறேன்?"

"வந்ததிலேருந்து நானும் அதத்தான் யோசிக்கிறேன்" என்றார் தெயோஃபில்.

கிரெஃப்ட் கெட்டவர் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு மனப்பூர்வமாக யோசித்தார். சிலையின் வயதைக் குறைக்க விதியில் இடமில்லை. செதுக்கியவரின் வயதைக் கூட்டக் கூடாது என்று எந்த விதியும் சொல்லவில்லை. பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். 'அசையும் தொன்மைச் சின்னங்கள்' என்று அதன் தலைப்பில் இருந்தது.

"அசைவீங்க இல்ல?"

"படியேறத்தான் கஷ்டம்."

'ஓரளவு அசையும்' என்று எழுதிக்கொண்டார். பிறகு தெயோஃபிலைச் சுற்றி வந்து பரிசோதித்தார். பழுப்புக் கோட்டு: பிற்காலப் பூச்சு. பல்செட்: அசல் பொருள் அன்று. இடது முழங்கால்: கட்டமைப்புப் பலவீனம். மொத்தத்தில், பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கம். பழைய வீடுகளின் சுவரில் அடிக்கும் நீலமும் வெள்ளையுமான தகடு ஒன்றைத் தெயோஃபிலின் கோட்டில் ஊசியால் குத்தினார். ஆணி அடிக்காததற்கு வருத்தமும் தெரிவித்தார்.

"இதனால என்ன பிரயோஜனம்?" என்று கேட்டார் ப்ரோனெக் என்ற இன்னொரு கொத்தனார்.

"சின்னங்களோட பழுது அரசுப் பொறுப்பு. முழங்காலுக்கு சோபோட் கடற்கரை சானடோரியத்துல வருஷா வருஷம் இருபத்தொரு நாள். வரிசை கிடையாது."

கொத்தனார்கள் எல்லோரும் தகட்டைப் பார்த்தார்கள். சானடோரியம் என்றால் சேற்றுக் குளியல், மசாஜ், சாயங்காலம் வாத்தியம் வைத்து நடனம். மனுப் போட்டு இரண்டு வருஷம் காத்திருக்க வேண்டும். நடுவில் 'தாங்கள் இன்னும் உயிரோடு இருக்கிறீர்களா?' என்று கடிதம் வரும். தாமதமாகப் பதில் போட்டால் இல்லை என்று எழுதிக்கொள்வார்கள்.

ப்ரோனெக் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"சார், எதிர்வீட்டு மாடியில ரெண்டு சிங்கம் இருக்கே, அது என் கைவேலை. எந்த வருஷம்னு போட்டுக்கணும்?"

"ஆயிரத்து அறுநூத்தி இருபது."

"அதேதான். அன்னிக்கு நல்ல மழை."

அடுத்த நிமிடமே வரிசை உருவாகிவிட்டது. எங்கள் நாட்டில் மூன்று பேர் வரிசையில் நின்றால் நான்காவது ஆள் செயலாளர் ஆகிவிடுவார். யாரோ ஒரு பள்ளிக்கூட நோட்டில் பெயர்களை எழுதினார். அரை மணிக்கு ஒருமுறை பெயர் கூப்பிடப்படும், ஆள் இல்லாவிட்டால் நோட்டிலிருந்து நீக்கப்படும் என்று அறிவித்தார். மற்ற பத்துக் கொத்தனார்களும் சேர்ந்தார்கள். ஐஸ்கிரீம்காரர் சேர்ந்தார். அம்பர் கல் மாலை விற்கும் அம்மாள் கடையைப் பூட்டிவிட்டு வந்தாள். எதற்கென்றே தெரியாமல் ஒரு சுவீடன்காரர் பத்தொன்பதாவதாக நின்றார்.

முதல் பெயர் தெயோஃபில். அவர் கையெழுத்துப் போடாமல் படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல கையெழுத்துப் போட்டா லியோகாதியான்னு சொல்லுவீங்களா சார்?"

"தாராளமா. உரையிலயே சேத்துடறேன். 'லியோகாதியா, ஆயிரத்து அறுநூற்று ஒன்பது.'"

"அவளுக்கு அப்ப பத்தொம்பது வயசு சார். சூப் பானையத் தூக்கிக்கிட்டு மூணு மாடி ஏறி வருவா."

"டேய், போடுடா! சேத்துக் குளியல்டா! உன் முழங்கால நெனச்சுப் பாருடா!" என்று வரிசையிலிருந்து கத்தினார் ப்ரோனெக்.

"முழங்கால் என்னுதுடா. வயசு அவளோடது."

தகட்டைக் கழற்றி, ஊசி யார் கையிலும் குத்தாதபடி மூடி, கிரெஃப்டிடம் கொடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்கம்மா. ஒரே ஒரு தடவ."

கிரெஃப்ட் என்னிடம் இன்னொரு தாளை நீட்டினார். 'மேற்படி முகத்துக்கும் மேற்படி நபருக்கும் தொடர்பில்லை என்பதற்கு நான் சாட்சி.' கையெழுத்துப் போட்டால் மூன்றாவது பிறழ்வு நடக்கவே இல்லை.

போட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் கையெழுத்து அழகாகவே வந்தது.

பன்னிரண்டு பேருக்கு முன்பதிவு செய்த ரயிலில் தெயோஃபில் மட்டும் ஏறினார். அவர் பெயரை அடித்துவிட்டு, அடுத்து இருந்த ப்ரோனெக்கை முதலிடத்துக்கு நகர்த்தினார்கள். முதலிடத்துக்கு எதிரே அந்தக் கல்முகம் பதிவாகியிருந்ததால் அதைச் செதுக்கிய பெருமையும் அவருக்கே போனது. இப்போது அந்த வாசலில் பத்து மணி முதல் நான்கு மணி வரை நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். 'பெயர் அறியப்படாத மேதை' என்பதை உரையில் திருத்தி, 'மேதை ப்ரோனெக், நல்வாய்ப்பாக இன்றும் நம்மிடையே உள்ளார்' என்று போட்டுவிட்டார்கள். பயணிகள் அவர் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். வாய் ஏன் பாதி திறந்திருக்கிறது என்று யாராவது கேட்டால், "கடலோட மறைபொருள்" என்கிறார். இரண்டு வருஷம் அந்தச் சூப்பைக் குடித்தவர்தான் அவரும்.

ஒரே இடத்தில் நின்று ஒரே வார்த்தைகளை இருபத்திரண்டு வருஷம் சொல்லியிருப்பதால் எனக்கும் ஒரு தகடு கிடைத்தது. தகட்டின்படி நான் ஆயிரத்து எண்ணூற்று எழுபத்தொன்றாம் ஆண்டுச் சின்னம். இதை சோபோட் சானடோரியத்தில் இருந்துதான் எழுதுகிறேன். பக்கத்துச் சேற்றுத் தொட்டியில் கிரெஃப்ட் இருக்கிறார். அவர் என்னைவிட நூறு வருஷம் மூத்தவராம்.

இன்று மதியம் சாப்பாட்டுக் கூடத்தில் தொன்மைச் சின்னங்கள் நாற்பது பேர் உட்கார்ந்திருந்தோம். பால் சூப் வந்தது. கரண்டியும் கையுமாக வந்த பெண்ணுக்குப் பத்தொன்பது இருபது வயது இருக்கும். எங்கள் மேசைப் பக்கம் குனிந்து, வாயைப் பாதி திறந்து கேட்டாள்.

"இன்னும் ஊத்தட்டுமா?"

அதே மேசையில் இருந்த வார்சா கொத்தனார்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எல்லோர் வாயிலும் ஒரே பெயர் வந்து நின்றது எனக்குத் தெரிந்தது. என் வாயிலும்தான். பிறகு எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு கிண்ணத்தை நீட்டினோம்.