கையைக் கட்டிக்கொண்ட கம்ப்ரசர் அண்ணன்

வாயைத் திறக்காமலே ஊரைக் கூட்டக்கூடிய மனிதர் இந்தத் தமிழ்நாட்டில் ஒருவர்தான் இருக்கிறார். அவர் பள்ளிபாளையத்தில் இருக்கிறார். வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்று கேட்காதீர்கள். காவிரிக்கு அந்தப் பக்கம் ஈரோட்டில் டீ குடித்துக்கொண்டிருப்பவர்கள், யாரோ தங்களைக் கூப்பிடுவதாக நினைத்து டம்ளரைக் கீழே வைத்துவிடுவார்கள்.

அவருடைய நிஜப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். எங்களுக்கு அவர் கம்ப்ரசர் அண்ணன். திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் ஏறி, ராய்ச்சூரிலிருந்து ராய்ப்பூர் வரை ஊர் ஊராகப் போர்வெல் போட்டவர். பூமிக்குள் ராடு இறங்கும்போது வண்டியில் அலறுகிற கம்ப்ரசருக்குப் பக்கத்திலேயே பாதி ஆயுளைக் கழித்ததில் காது கொஞ்சம் மந்தம். உலகம் முழுக்க அந்தக் கம்ப்ரசர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்பது அவருடைய அசைக்க முடியாத நம்பிக்கை. "ரசத்துல உப்புப் பத்தலை" என்று மனைவியிடம் அவர் ரகசியமாகச் சொன்னால் தெருவே உப்பு ஜாடியைத் தேடும்.

நான் அயோத்தியாப்பட்டணத்துப் பெண். பள்ளிபாளையத்தில் ஒரு நூல் குடோனில் வேலை கிடைத்து, ஆற்றோரம் இருந்த அவர் வீட்டு மாடியில் குடியேறினேன். வந்த வாரமே கீழே ஷெட்டிலிருந்து கீச்சுக் கீச்சென்று ஓயாத கூப்பாடு. கூடவே மீன் நாற்றம். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டு வரலாம் என்று இறங்கிப் போனேன். திரும்பி மாடி ஏறியபோது என் கையில் ஒரு பால் புட்டி இருந்தது, துப்பட்டாவில் அந்த மீன் நாற்றமும் இருந்தது. நான் மட்டும் இல்லை. அவருடைய மீட்பு மையத்தில் சம்பளமில்லாமல் வேலை பார்க்கும் அத்தனை பேரும் ஒரு காலத்தில் புகார் சொல்ல வந்தவர்கள்தான்!

ஆமாம், மீட்பு மையம். நீர்நாய்க் குட்டிகளுக்கான மீட்பு மையம். ரிக்கை விற்றுவிட்டு ஆற்றங்கரையில் சும்மா உட்காரலாம் என்று வந்த மனிதரைக் காவிரி உட்காரவிடவில்லை. மேட்டூரில் தண்ணீரைக் கூடுதலாகத் திறந்துவிட்டால் கரையோரக் கோரைக்குள் இருக்கும் வளைகளில் வெள்ளம் ஏறிவிடும். தாய் ஒரு பக்கம் போய்விடும், குட்டிகள் சேற்றில் கிடந்து கத்தும். பெயரில்தான் நாய் இருக்கிறது. பார்க்கக் கொழுகொழுவென்று வளர்ந்த கீரி மாதிரி இருக்கும், தின்பதெல்லாம் மீன். வலையைக் கிழிப்பதால் மீன் பிடிப்பவர்களுக்கு அதைக் கண்டாலே ஆகாது. அப்படிக் கிடந்த முதல் குட்டியை அண்ணன் தன் ரிக் ஹெல்மெட்டில் போட்டு எடுத்து வந்தார். வனத்துறை அலுவலகத்துக்கு நேரில் போய் முறைப்படி அனுமதியும் வாங்கினார். அவர் பேச்சை நிறுத்தினால் போதும் என்றுதான் அங்கே அனுமதி கொடுத்தார்கள் என்பது என்னுடைய சொந்த அபிப்பிராயம்.

நான் போய்ச் சேர்ந்தபோது ஷெட்டில் மூன்று குட்டிகள் இருந்தன. அவற்றைப் பார்க்க வந்த வனத்துறை ரேஞ்சர் அம்மாள், அண்ணன் பேசுவதைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுக் காதைத் தேய்த்துக்கொண்டார்.

"அண்ணா, குட்டிங்க மனுஷக் குரலுக்குப் பழகிடக் கூடாது. பழகிட்டா யார் கூப்பிட்டாலும் போய் நிக்கும். வலைக்காரங்க கையில மாட்டினா அடிச்சே போட்டுடுவாங்க. மனுஷங்களைத் தேடி வர்ற குட்டியை நான் ஆத்துல விட முடியாது. ஜூவுக்குத்தான் அனுப்பணும்."

அண்ணன் முகம் சுருங்கிப்போனது. "ஆத்துல பொறந்த சீவனுங்க மேடம் அதுக. சாவற மட்டும் சிமெண்டுத் தொட்டிக்குள்ள சுத்தோணுமா?" என்றார். ரேஞ்சர் அம்மாளுக்கும் அதில் விருப்பம் இல்லை. ஆனால் சட்டம் சட்டம்தானே! அவர் ஜீப் கிளம்பியதும் அண்ணன் எங்களைத் திரட்டி நிறுத்தினார்.

"இன்னைலிருந்து ஷெட்டுக்குள்ள ஒருத்தரும் வாயத் தொறக்கப்படாது! நான் உள்பட!"

அவர் போட்ட சத்தத்தில் மூன்று குட்டிகளும் வைக்கோலுக்கு அடியில் புகுந்துகொண்டன.

பேசாமல் எப்படி வேலை செய்வது? அதற்குத்தான் ரிக் பாஷை இருக்கிறதே! கம்ப்ரசர் அலறும்போது யார் கத்தினாலும் யாருக்கும் கேட்காது. எல்லாம் கைச் சைகைதான். முஷ்டியை உயர்த்தினால் நிறுத்து. ஆள்காட்டி விரலைச் சுழற்றினால் ஆரம்பி. கட்டை விரலைக் கீழே காட்டினால் இறக்கு. இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினால், அது திருவிழா. தண்ணி வந்திருச்சு, எல்லாரும் ஓடி வாங்க! போர் போடச் சொன்ன பார்ட்டியும் அவர் குடும்பமும் வேடிக்கை பார்க்கும் ஊரும் அந்த இரண்டு கைகளுக்காகத்தான் காத்துக் கிடப்பார்களாம்.

எங்கள் ஷெட்டில் அந்தத் திருவிழாச் சைகைக்கு வேறு வேலை வந்தது. மீன் கடை ரஹ்மத் பாய் தினமும் காலையில் மொபெட்டில் ஒரு கூடை ஜிலேபிக் கெண்டை கொண்டுவந்து கொடுப்பார். (அவரும் புகார் சொல்ல வந்தவர்தான். கடை வாசலில் அண்ணன் விலை கேட்டால் மற்ற வாடிக்கையாளர்கள் சண்டை என்று நினைத்து ஓடிவிடுகிறார்களாம்.) மொபெட் கேட்டைத் தாண்டியதும் அண்ணன் இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டுவார். மீன் வந்திருச்சு, எல்லாரும் வாங்க! நாங்கள் நாலா பக்கத்திலிருந்தும் ஓடுவோம்.

ஊமைப் படம் மாதிரி மையம் நடந்தது. பழக்கம் வெளியேயும் எங்களை விடவில்லை. பேரம் பேசிய ஒரு அம்மாளுக்கு முன்னால் ரஹ்மத் பாய் முஷ்டியை உயர்த்திவிட, அந்த அம்மாள் கடையையே இரண்டு பண்ணிவிட்டார். வீட்டில் அக்காவின் பாடு, அதாவது அண்ணனின் மனைவி பாடு, இன்னும் மோசம்.

"ஊட்டுக்குள்ளயும் கையத்தானுங் சாமி ஆட்டறாரு" என்று என்னிடம் முறையிட்டார். "சோறு போதுமான்னு கேட்டா கட்டை வெரலக் கீழ காட்டறாரு. நிறுத்தறதா, எறக்கறதா? எனக்கென்ன தெரியும்? நான் பாட்டுக்குக் கொழம்ப எறக்கிப்போட்டேன்!"

குட்டிகள் புட்டியை விட்டு மீனுக்கு மாறியதும் அடுத்த தலைவலி வந்தது. நீர்நாய்க் குட்டிக்கு நீந்தத் தெரியாது. தண்ணீரைக் கண்டாலே பயம். தாய்தான் கழுத்தைக் கவ்வி உள்ளே தள்ளிப் பழக்குமாம். தாய் இல்லாத இடத்தில் அண்ணன் இருந்தார். ஆனால் அண்ணனுக்கும் நீச்சல் தெரியாது! பூமியைத் துளைத்துத் துளைத்துத் தண்ணீர் எடுத்த மனிதர், அது மேலே கிடந்தால் இரண்டடி தள்ளி நிற்பார்.

ஆனாலும் இறங்கினார். இடுப்பில் லாரி டியூப், தலையில் ஹெல்மெட். ஷெட்டுக்குப் பின்னால் இருந்த பெரிய தொட்டியில், கண்ணை மூடிக்கொண்டு, சாமி கும்பிட்டுவிட்டு இறங்கினார். குட்டிகள் விளிம்பில் உட்கார்ந்து அவரை மிகுந்த அனுதாபத்துடன் பார்த்தன. ஒரு குட்டி மட்டும் துணிந்து அவர் ஹெல்மெட்டின் மேல் தாவி உட்கார்ந்தது. அங்கிருந்து எட்டி டியூபைக் கடித்தது.

புஸ்ஸென்று காற்று போனது. அண்ணன் மூழ்க ஆரம்பித்தார். கத்த வேண்டியதுதானே? அவர் போட்ட சட்டமே அவர் வாயைக் கட்டிவிட்டது! உயிர் போகிற அந்த நேரத்திலும் வாயைத் திறக்காமல், இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டு ஆட்டென்று ஆட்டினார்.

நாங்கள் கடமை தவறாதவர்கள். மீன் வேண்டுமாம் என்று எடுத்துக்கொண்டோம். ரஹ்மத் பாய் ஓட்டமாக ஓடிக் கூடையோடு மீனை அவர் தலையில் கொட்டினார். நான் என் பங்குக்கு ஒரு வாளி கொட்டினேன். மீன் தண்ணீரில் விழுந்ததுதான் தாமதம், குட்டிகள் பயமெல்லாம் மறந்து தொபுக் தொபுக்கென்று குதித்தன. மூன்றும் அம்பு மாதிரி நீந்தின! நாங்கள் சத்தம் போடாமல் குதித்துக் குதித்துக் கொண்டாடினோம். அப்புறம்தான் அண்ணன் ஞாபகம் வந்தது. அவர் மெதுவாக எழுந்து நின்றார். தண்ணீர் இடுப்பளவுதான் இருந்தது. ஹெல்மெட்டில் சொருகியிருந்த கெண்டையை எடுத்துக் குட்டிக்குக் கொடுத்துவிட்டு, எங்களைப் பார்த்து ஆள்காட்டி விரலைச் சுழற்றினார். ஆரம்பி!

குட்டிகள் வளர்ந்தன, உயிர் மீனைத் துரத்திப் பிடித்தன. ஆற்றில் விடும் நாள் வந்தது. ஊருக்கு மேலே கோரை அடர்ந்த ஒரு திட்டுக்கு எதிரே, ரேஞ்சர் அம்மாள் முன்னிலையில் பெட்டியைத் திறந்தோம். மூன்றும் வழுக்கிக்கொண்டு தண்ணீருக்குள் போயின. நடு ஆற்றில் மூன்று தலைகள் எழும்பின. பேசக் கூடாதே, அதனால் எல்லாரும் கையைத் தூக்கி ஆட்டி ஆட்டி டாட்டா காட்டினோம். மூன்று தலைகளும் திரும்பின. கண்ணிமைக்கிற நேரத்தில் கரையேறி எங்கள் காலடியில் நின்று ரஹ்மத் பாயின் சட்டையை மோந்து பார்த்தன.

அடுத்த வாரம் இன்னும் தள்ளிப் போய் விட்டோம். வழியனுப்பத் தெருவே வந்திருந்தது. கைகள் அதிகம், டாட்டா அதிகம். குட்டிகள் போன தடவையைவிட வேகமாகத் திரும்பி வந்தன.

ரேஞ்சர் அம்மாள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. "இன்னும் ஒரு தடவை பார்க்கலாம் அண்ணா. அப்பவும் வந்துட்டா எனக்கு வேற வழி இல்லை. கூண்டு வண்டி வரச் சொல்லணும்."

"செரிங் மேடம்" என்றார் அண்ணன். அவர் மெதுவாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

ஷெட்டுக்கு வெளியே உட்கார்ந்து ஆளுக்கொரு காரணம் சொன்னோம். தண்ணீர் சரியில்லை என்றேன் நான். கண் திருஷ்டி என்றார் ரஹ்மத் பாய். அக்கா மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏனுங்க, நானுந்தான் இன்னிக்கு வந்து பாத்தேன். போ போன்னு ஆத்துல உட்டுப்போட்டு, மீன் வந்திருச்சு வாங்கன்னு எல்லாருங் கையத் தூக்கிக் கூப்புட்டா, அதுக பாவம் என்னங்க பண்ணும்?"

யாரும் மோரைத் தொடவில்லை. குரலை மறைத்தோம், சரி. கைகளை மறைக்கவில்லையே! நாங்கள் கற்றுக்கொண்ட பாஷையை அந்த மூன்றும் எங்களைவிட நன்றாகக் கற்றுக்கொண்டிருந்தன. "அடக் கெடுத்தனே!" என்று அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். ஈரோட்டில் அன்றைக்கு எத்தனை டம்ளர் கீழே இறங்கியதோ தெரியாது.

மறுநாளே குட்டிகளுக்கும் எங்களுக்கும் நடுவே தகரச் சுவர் எழுந்தது. போர்வெல்லுக்கு இறக்கும் பிளாஸ்டிக் குழாய் ஒன்று சுவரைத் துளைத்துத் தொட்டிக்குள் நீண்டது. மீன் அந்தக் குழாய் வழியாகத் தானாக வழுக்கிக்கொண்டு போகும். ஆள் தெரியாது, கை தெரியாது. குட்டிகள் குழாயைக் கும்பிட ஆரம்பிக்கட்டும், பரவாயில்லை. ஆற்றில் குழாய் இல்லையே!

மழை முடிந்து ஆறு தெளிந்ததும் மூன்றாவது தடவை, கடைசித் தடவை. அண்ணன் எங்கள் எல்லாரையும் கையைப் பின்னால் கட்ட வைத்தார். "கொசு கடிச்சாலும் அடிக்கப்படாது. அழுவாச்சி வந்தாலும் தொடைக்கப்படாது." பிறகு தன் கைகளையே கொஞ்ச நேரம் பார்த்தார். நம்பிக்கை வரவில்லை போலும். தோள் துண்டை எடுத்து அக்காவிடம் நீட்டித் திரும்பி நின்றார். அக்கா மணிக்கட்டில் இரட்டை முடிச்சாகப் போட்டார்.

பெட்டி திறந்தது. மூன்றும் போயின. நடு ஆற்றில் நின்றன. தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தன.

ஒரு கையும் அசையவில்லை. ரஹ்மத் பாயின் மூக்கில் ஒரு கொசு நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அந்த ஹெல்மெட் குட்டி, டியூபைக் கடித்த அதே போக்கிரி, எங்கள் பக்கமாக நீந்த ஆரம்பித்தது. ரேஞ்சர் அம்மாள் கண்ணை மூடிக்கொண்டார். அண்ணனின் தோள்கள் இழுத்தன, முடிச்சு இறுகியது. கண்ணீர் தாடையில் இறங்கிச் சட்டையில் சொட்டியது. துடைக்கக் கை இல்லை. போ, போ என்று என் நெஞ்சு அடித்துக்கொண்டது. குட்டி நின்றது. அவரையே பார்த்தது. எங்கோ ஒரு மீன் துள்ளியது. சட்டென்று குட்டி திரும்பி முங்கியது. மற்ற இரண்டும் பின்னாலேயே முங்கின. கொஞ்ச நேரம் கழித்து எதிரே திட்டில் கோரை அசைந்தது. அவ்வளவுதான்! போய்விட்டன!

"இனிமே பேசலாம் அண்ணா" என்றார் ரேஞ்சர் அம்மாள். அண்ணன் கையைக் கட்டியிருந்த துண்டை நான்தான் அவிழ்த்தேன். அவிழ்த்த பிறகும் அவர் கைகளை முன்னால் கொண்டுவரவில்லை.

அடுத்த வருடம் எனக்கு ஆத்தூரில் நல்ல வேலை கிடைத்தது. கிளம்புகிற அன்று அண்ணனும் அக்காவும் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார்கள். "போயிட்டு வாரேங்க அண்ணா" என்று ஜன்னல் ஓரம் உட்கார்ந்து கையை ஆட்டினேன். அவர் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, இறுகிப்போய் நின்றார்.

"ஏனுங்க, புள்ள போறாளல்லோ, கையாட்டுங்க" என்று அக்கா அதட்டினார்.

"போவறதுகளுக்குக் கைய ஆட்டப்படாது சாமி!" ஸ்டாண்டில் இருந்த அத்தனை பஸ்ஸும் திரும்பிப் பார்த்தது. "திரும்பி வந்துருமல்லோ. நல்லபடியாப் போவட்டும்."

கடைசி வரைக்கும் அவர் கையை ஆட்டவே இல்லை. நான் அந்த ஞாயிற்றுக்கிழமையே திரும்பி வந்துவிட்டேன்.