வயர் மாமாவின் காதுப் பரீட்சை

ஊவா மாகாணத்திலேயே, பொருளை விற்காமல் இருப்பதற்கென்றே கடை நடத்துகிற ஒரே மனிதர் எங்கள் ஹாலிஎல வயர் மாமாதான். பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே, போன் சாமான் விற்கிற சின்னக் கடை. வயர் வைத்த இயர்போன்கள் வாசலில் புடலங்காய் மாதிரித் தொங்கும். வயர் இல்லாதவை கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கும். சாவி மாமாவின் அரைஞாண் கயிற்றில் பத்திரமாக இருக்கும்.

வயர்லெஸ் கேட்டு வருகிறவர்களுக்கு அவர் பரீட்சை வைப்பார். பாஸானால்தான் பெட்டி திறக்கும்.

"என்ன வேலை தம்பி?"

"பதுளை பஸ்ஸில கண்டக்டருங்க."

"மிதிபலகையில தொங்குவீங்களா?"

"தொங்காம?"

"அப்ப தெமோதர வளைவுல இது உங்களுக்கு முந்தி எறங்கிரும். வயர் வாங்கிட்டுப் போங்க."

ஒருநாள் ஒரு பெண் வந்தாள். திருவிழாவில் உனக்குச் சாமி வருமா என்று கேட்டார். எப்பவாவது வரும் என்றாள் அவள்.

"சாமி வந்தா இது போயிரும்மா" என்று வயரை நீட்டிவிட்டார்.

இப்படிப்பட்ட வியாபார மேதையிடம்தான் நானும் போக வேண்டியதாயிற்று. என் அக்கா செல்வி பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறாள். அவள் மகள் குவைத்தில் வீட்டு வேலை செய்கிறாள். எஜமானி போனைக் கையில் கொடுப்பது தினமும் பத்தே நிமிடம், நமக்குக் காலை பத்து மணி. அந்த நேரம் அக்கா மலையில் நிற்பாள், இரண்டு கையும் செடியில் இருக்கும். போனைக் கையில் எடுத்தால் கங்காணி கத்துவார். சத்தமாக வைத்தால் மலை முழுக்க நம் குடும்பக் கதை கேட்கும். பழைய வயர் கிளையில் மாட்டி மாட்டி அறுந்து போனது. வயர்லெஸ்தான் வழி என்று நான் முடிவு கட்டினேன். ஆபீசில் வேலை பார்க்கிறவன் இல்லையா, யாரிடமும் யோசனை கேட்கிற கெட்ட பழக்கம் எனக்குக் கிடையாது.

அக்காவுக்கு என்று சொன்னால் மாமா தரமாட்டார். அதனால் எனக்கு என்றேன்.

"என்ன வேலை?"

"மேசையில உக்காந்து எழுதுற வேலைங்க மாமா."

மாமா என் வயிற்றைப் பார்த்தார். "நம்புறேன்" என்று பெட்டியைத் திறந்தார்.

முதல் நாளே கதை முடிந்தது. அக்கா பிடி கொழுந்தை வலது தோளுக்கு மேலே முதுகுச் சாக்கில் எறிந்த வேகத்தில், வலது காதில் இருந்ததும் சேர்ந்து போய்விட்டது. கொழுந்து நிறுக்கும்போதுதான் காதைத் தடவிப் பார்த்திருக்கிறாள். அதற்குள் சாக்கைக் கொட்டி, லொறியும் போயாயிற்று. நான் பேக்டரிக்கு ஓடினேன். அங்கே கொழுந்து வாட்டுகிறவர் ரொம்பப் பொறுப்பாகப் பதில் சொன்னார்.

"தூளோட வருமா, கழிவோட வருமான்னு இப்பவே சொல்ல ஏலாதுங்க."

மிச்சம் இருந்த ஒன்றும் தொலைந்துவிடும் என்று பயந்து, அக்கா அதைப் பருப்பு டின்னுக்குள் போட்டு மூடிவிட்டாள். மூன்று நாள் பத்து மணிக்கு இடுப்பில் போன் அதிர, அவள் கொழுந்து எடுத்துக்கொண்டே நின்றாள். நாலாம் நாள் மகளிடமிருந்து ஒரு வரி வந்தது: "அம்மா, எம்மேல கோவமா?"

அதைப் படித்துக் காட்டியதும் அக்கா அழுதாள். அந்த ஞாயிற்றுக்கிழமையே அவளையும் டின்னில் கிடந்ததையும் கூட்டிக்கொண்டு மாமா முன்னால் போய் நின்றேன். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன்.

"இதுதான் ஒங்க மேசையா?" என்றார் என்னிடம். அக்காவிடம் குரல் மாறியது. "பிள்ளைக்கு என்ன வயசும்மா?"

"இருபத்தி மூணுங்க."

பரீட்சை அத்தோடு முடிந்தது. நைலோன் நூல் எடுத்தார். மிச்சமிருந்த இடது காதுக்காரனின் இடுப்பில் சுற்றி முடிச்சுப் போட்டு, மறுமுனையை அக்காவின் காதுத் தோட்டில் கட்டினார். தலையை ஆட்டச் சொன்னார். குனியச் சொன்னார். கடைக்கு நடுவில் நின்று கொழுந்து எறிகிற மாதிரி பத்துத் தடவை எறியச் சொன்னார். ஒரு தடவை விழுந்தது, தோட்டிலேயே தொங்கியது.

"மாமா, கடைசில வயர்லெஸ்ஸுக்கும் வயர் போட்டுட்டீங்களே" என்றேன்.

"வாய மூடுங்க" என்றார்.

திங்கட்கிழமை பத்து மணிக்குக் கடை பூட்டிக் கிடந்ததாம். மலைக்குக் கீழே தோட்ட ரோட்டில், குடையும் கையுமாக மாமா நின்றிருக்கிறார். போன் வந்தது. அக்கா கையை நிறுத்தாமல் பேசினாள், கோபமெல்லாம் இல்லடி தங்கம் என்று மறுபடி மறுபடி சொன்னாள். பத்து நிமிடமும் அவர் அசையவில்லையாம். பேசி முடித்து அக்கா தலையாட்டிய பிறகுதான் இறங்கிப் போனாராம்.

ஏன் போனீர்கள் என்று மறுநாள் கேட்டேன்.

"முடிச்சு நிக்குதான்னு பாக்க" என்று சொல்லிவிட்டு, வந்த ஆளிடம் என்ன வேலை என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.

முழங்கால் வலிக்காரர், மூன்று கட்டை தூரம் நடந்தே மலை ஏறியிருக்கிறார். இந்த மனுசன் எனக்குச் சொந்த மாமாவாகவே பிறந்திருக்கலாம்.