கழுத்துக்கு மட்டும் அனுமதி

நீதி என்ற ஒன்றை மனிதன் கண்டுபிடித்த நாளிலிருந்து இன்றுவரை, சுழல் நாற்காலி தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் நான்காவது மாடியில் இயற்றப்பட்ட அந்தப் பதினான்கு விதிகளைப் போல அப்பழுக்கற்ற சட்டம் வேறெங்கும் இயற்றப்பட்டதில்லை. பெரிய பெரிய அரசியல் சாசனங்களை எல்லாம் அதன் பக்கத்தில் வைத்தால், ஜவுளிக்கடைப் பையில் அச்சடித்த ‘விற்ற பொருள் வாபஸ் இல்லை’ மாதிரி இருக்கும். தலைப்பே கம்பீரம்: ‘வயது வந்தோருக்கான பிரேசில் ஜியு-ஜிட்சு, சரணாகதி ஒன்றே முடிவு, போட்டி விதிகள்.’

எழுதியவர் ஷரத்து. இருபத்திரண்டு வருடமாக அந்த நிறுவனத்தின் சுற்றறிக்கைகள் அனைத்தும் அவர் கையிலிருந்துதான் புறப்பட்டன. ‘கழிப்பறைக் கதவைச் சாத்தவும்’ என்பதைக்கூட இரண்டு உட்பிரிவும் ஒரு விதிவிலக்கும் சேர்க்காமல் அவரால் எழுத முடியாது. அதனால் வந்த பெயர். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் பத்திரமாக இருந்தது.

எம்.டி. மூன்று நாள் ‘தலைமைப் பண்பு முகாம்’ ஒன்றுக்குப் போய்விட்டு வந்ததில் தொடங்கியது எல்லாம். அங்கே இரண்டு பேர் தரையில் புரண்டு ஒருவரை ஒருவர் முறுக்கிக்கொள்ளும் இந்த ஜியு-ஜிட்சு மல்யுத்தத்தைப் பார்த்திருக்கிறார். புள்ளி கிடையாது, நேரக் கணக்கு கிடையாது, நடுவர் தீர்ப்பு கிடையாது. பிடிபட்டவர் தரையிலோ எதிராளி மேலோ தட்டி, ‘போதும், விட்டுவிடு’ என்று ஒத்துக்கொண்டால்தான் ஆட்டம் முடியும். நிர்வாகத்தின் சாரமே இதுதான் என்று திங்கட்கிழமை கூட்டத்தில் எம்.டி. அறிவித்தார். மனிதவள மேலாளர், எப்போதும் சிரித்த முகமாக இருப்பதால் ‘புன்னகை’ என்று பெயர் வாங்கியவர், தனக்கும் நெடுநாளாக இதே எண்ணம்தான், சொல்லக் கூச்சமாக இருந்தது என்றார்.

நாற்காலிகளைப் பரிசோதிக்கும் கூடம் காலியானது. இருக்கைகளுக்குள் வைக்கும் பஞ்சுப் பலகைகளைத் தரையில் பரப்பி மேலே ரெக்சின் இழுத்துக் கட்டினார்கள். எம்.டி.க்குக் கறுப்பு பெல்ட் தேவைப்பட்டது. அதை வாங்கப் பத்து வருடமாவது பழக வேண்டும் என்று யாரோ விவரம் தெரியாமல் சொல்லிவிட்டார்கள். கொள்முதல் பிரிவு மூன்று கொட்டேஷன் வாங்கி, ஒன்பதே நாளில் முடித்துக் கொடுத்தது.

விதிகளுக்கான குழுவில் புன்னகை, உள்தணிக்கை அதிகாரி, ஷரத்து என்று மூன்று பேர். தணிக்கை அதிகாரிதான் நடுவரும். அவர் முதல் நாளே கவலையோடு பேனாவை மூடி வைத்தார்.

“புள்ளி இருந்தா நாம போட்டுக்கலாம். தீர்ப்பு இருந்தா நாம சொல்லிக்கலாம். இதுல எதிராளியே ஒத்துக்கணுமாமே. அப்புறம் நமக்கு என்ன வேலை?”

“எதிராளி யாரு?” என்றார் புன்னகை. “எல்லாம் நம்ம ஸ்டாஃப்தானே.”

தணிக்கை அதிகாரி பேனாவைத் திறந்தார்.

முதல் விதி எம்.டி.யின் மனத்தைக் கொள்ளைகொண்டது. ‘வயது வந்தவர் எனப்படுபவர், பதினெட்டு நிறைந்தவராகவும், தாம் தோற்றுவிட்டதைப் பிறர் சொல்லும்வரை காத்திராமல் தாமே சொல்லத் தெரிந்தவராகவும் இருத்தல் வேண்டும். ஐயம் எழுமிடத்து, பிற விதிகள் அனைத்துக்கும் இவ்விதியே மேலானது.’ அவர் அதைச் சிவப்பு மையில் அடிக்கோடிட்டு, கண்ணாடிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டச் சொன்னார்.

எந்தெந்தப் பிடிகள் செல்லும் என்பதில்தான் பேரம் நடந்தது. ஷரத்து கொண்டுபோன பட்டியலில் பதினொன்று இருந்தன. எம்.டி. அதை, கடைக்காரர் சொன்ன விலையைக் கேட்ட பழைய வாடிக்கையாளர் மாதிரி பார்த்தார். அவருக்கு முழங்கால் வலி. காலை முறுக்கும் பிடிகள் நான்கும் முதல் நாளே போயின. மறுநாள் தோள்பட்டை ஞாபகம் வந்தது. கைப்பூட்டுகள் ஐந்தும் போயின. புதன்கிழமை மணிக்கட்டு. கடைசியில் கடையில் மிச்சம் இருந்தது கழுத்து ஒன்றுதான். கழுத்தில் அவருக்கு வலி இருந்ததில்லை. மற்றவர்கள் கழுத்தைப் பிடித்துத்தான் பழக்கம். “இது இருக்கட்டும்,” என்று பெருந்தன்மையாகக் கையெழுத்துப் போட்டார்.

அதோடு விட்டிருக்கலாம். ‘ஆபத்து நேர்ந்தால் நடுவர் ஆட்டத்தை நிறுத்தலாம்’ என்ற ஏழாம் விதியை அடித்தார். தன் ஆட்டத்தை இன்னொருவர் நிறுத்துவதாவது. ‘மயங்கியவர் தோற்றவராவார்’ என்ற எட்டாம் விதியையும் அடித்தார்.

“மயக்கம்லாம் மனசுல தெம்பு இல்லாதவங்களுக்கு வர்றது,” என்றார். ஷரத்து அதை அப்படியே குறித்துக்கொண்டார். உத்தரவை மறுப்பது அவர் வழக்கமில்லை. தேதியோடு பதிவு செய்வது வழக்கம்.

போட்டி தொடங்கியது. எம்.டி.யின் வெற்றிகள் வரலாற்றில் இடம் பெறத் தக்கவை. கால் இறுதியில் அனுப்புகைப் பிரிவு மேற்பார்வையாளர், எம்.டி.யின் கை காலருக்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கும்போதே தட்டிவிட்டார். அரை இறுதியில் விற்பனை மேலாளர் இன்னும் முன்னேறி, எம்.டி. பெல்ட்டை முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கும்போதே தரையைத் தட்டினார். “அந்த முடிச்சு போடற அழுத்தத்துலயே புரிஞ்சுபோச்சு சார்,” என்று பிறகு விளக்கமும் தந்தார்.

மறுபக்கத்திலிருந்து இறுதிக்கு வந்தவன் யார் என்று பார்த்ததும் ஷரத்து ஆட்டப் பட்டியலை இரண்டாம் முறை சரிபார்த்தார். பேக்கிங் பிரிவில் நாற்காலிகளை அட்டைப்பெட்டிக்குள் இறக்கி டேப் ஒட்டுகிறவன். அவருடைய மனைவியின் தம்பி, அவர் வாயில் ‘மாப்பிள்ளை’. நாலு வருடமாகப் பயிற்சிக்கூடத்துக்குப் போய், வியர்வை சிந்தி நீல பெல்ட் வாங்கியவன். அவரே அலைந்து வேலைக்குச் சேர்த்துவிட்டது. தற்காலிகம். நிரந்தர உத்தரவு அவர் மேஜையில்தான், எம்.டி. கையெழுத்துக்காகக் கோப்புக்குள் காத்திருந்தது.

புன்னகை அவரை ஜன்னலோரம் அழைத்துப்போய், மாப்பிள்ளையிடம் பக்குவமாகச் சொல்லிவைக்கும்படி கேட்டுக்கொண்டார். அந்தக் கோப்பு மேலே போவதும் கீழே போவதும் இந்த ஆட்டத்தைப் பொறுத்தது என்பதை வாயால் சொல்லவில்லை. சிரித்தார், அதுவே அறிவிப்புப் பலகையில் ஒட்டியதற்குச் சமம்.

வீட்டில் விஷயம் அதைவிடச் சுருக்கமாக முடிந்தது. மனைவி துணி மடித்துக்கொண்டே கேட்டு, மடித்த சட்டையை அவர் மடியில் வைத்தாள்.

“என் தம்பிகிட்ட தோத்துப்போன்னு ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்க. அப்புறம் நீங்க அந்தப் பஞ்சுப் பலகை மேலயே படுத்துக்கலாம்.”

ஷரத்து மறுநாள் பேக்கிங் பிரிவுக்குப் போய், சுற்றி வளைத்து, உட்பிரிவுகளோடு, வாழ்க்கையில் எதற்கும் ஒரு நேரம் உண்டு என்கிற பாணியில் பேசினார். தோற்கச் சொன்னதாக யாரும் அவர்மேல் குற்றம் சாட்ட முடியாது. தோற்க வேண்டாம் என்று சொன்னதாகவும் சொல்ல முடியாது. அவன் டேப்பைப் பல்லால் கடித்து அறுத்துக்கொண்டே கேட்டான். பிறகு, இந்த ஆட்டத்தில் பொய்யாகத் தட்டியவன் மறுபடி நிஜமாகத் தட்டும்போது யாரும் நம்பி விடமாட்டார்கள் என்று மட்டும் சொன்னான். ஷரத்து தன் அறைக்குத் திரும்பி, ‘இறுதிப் போட்டியில் வென்றவர்: மேலாண்மை இயக்குநர்’ என்று முடிவு அறிக்கையை முன்கூட்டியே தட்டச்சு செய்து, சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். அதுதான் பழக்கம், நிறுவனம் முழுக்கத் தெரிந்த பழக்கம். முடிவு தெரிந்த பிறகு அறிக்கை எழுதுவது அனுபவம் இல்லாதவர்கள் செய்கிற வேலை.

சனிக்கிழமை காலை கூடம் நிரம்பியது. எம்.டி. எதிராளிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துக் கையசைத்தார். ஆட்டம் தொடங்கிவிட்டதை நடுவர் சொல்லியிருந்தார், அவர் கேட்கவில்லை. மாப்பிள்ளை நாற்காலியின் முதுகைப் பெட்டிக்குள் இறக்கும் அதே நிதானத்தோடு அவரை உட்கார வைத்து, பின்னாலிருந்து கழுத்தைச் சுற்றிக் கையைப் போட்டான். நியாயமான பிடி. விதிப்படி மிச்சமிருந்த ஒரே பிடி.

எல்லோரும் எம்.டி.யின் கையைப் பார்த்தார்கள். அது தரையைத் தட்டவில்லை. வீறாப்பு என்று புன்னகை பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். ஷரத்துக்கு மட்டும் உண்மை புரிந்தது. அந்தக் கைக்கு அது தெரியாது. மேஜையில் குத்தத் தெரியும், மணியை அழுத்தத் தெரியும். ‘போதும், விட்டுவிடு’ என்பதை அதற்கு யாரும் கற்றுத்தரவில்லை.

“சார், தட்டுங்க சார்,” என்று மாப்பிள்ளை காதோரம் சொன்னான்.

எம்.டி. தட்டவில்லை, குறட்டை விட்டார்.

மயக்கம் என்று தெரிந்ததும் மாப்பிள்ளை சட்டென்று பிடியை விட்டு, அவரைப் படுக்கவைத்துக் கால்களைத் தூக்கிப் பிடித்தான். நடுவர் ஆட்டத்தை நிறுத்தலாமா என்று ஏழாம் விதியைத் தேடினார், அது அடிக்கப்பட்டிருந்தது. எட்டும் அப்படியே. நிறுவனத்தின் தலைமை தரையில் தூங்கிக்கொண்டிருக்க, சட்டப்படி ஆட்டம் நடந்துகொண்டிருந்தது.

கால் நிமிடத்தில் எம்.டி. கண் விழித்தார். எங்கே இருக்கிறோம் என்று கேட்கவில்லை.

“அவன் விட்டுட்டானா?”

“விட்டுட்டார் சார்,” என்றார் தணிக்கை அதிகாரி.

“அப்ப விட்டுக்கொடுத்தது யாரு?”

கூடத்தில் ஒரு பெருமூச்சு கிளம்பியது. இப்படிப்பட்ட மூளையால்தான் நிறுவனம் நிமிர்ந்து நிற்கிறது என்று புன்னகையின் முகம் மலர்ந்தது. பிடியை முதலில் விட்டவன்தான் சரணடைந்தவன். இவ்வளவு எளிமையான உண்மை ஒருவருக்கும் தோன்றவில்லையே. விதியை எழுதியவர் வாயால் உறுதி செய்துவிட்டால் முடிந்தது. எல்லோரும் ஷரத்துவைப் பார்த்தார்கள். அவர் கை சட்டைப்பைக்குப் போனது.

மாப்பிள்ளை எம்.டி.யின் கால்களை இன்னும் மெதுவாகத் தாங்கிக்கொண்டிருந்தான், உடையும் பொருள் என்று எழுதிய பெட்டியைத் தாங்குவது போல. ஷரத்து அந்தக் கைகளைப் பார்த்தார். சட்டைப்பையிலிருந்து வெறும் கையை எடுத்தார். விதிப்புத்தகத்தின் முதல் பக்கத்தைப் புரட்டித் தொண்டையைச் செருமினார்.

“ஐயம் எழுந்ததால முதல் விதிக்குப் போறோம் சார். நீங்க அடிக்கோடு போட்டது. இது வயது வந்தோர் பிரிவு. தோத்துட்டோம்னு தாங்களே சொல்லத் தெரிஞ்சவங்களுக்கு மட்டும். அதன்படி பார்த்தா, சார் இந்தப் பிரிவுலயே வரலை.”

எம்.டி. எழுந்து உட்கார்ந்தார். “அப்ப நான் தோக்கலை?”

“தோக்க வழியே இல்ல சார். இந்தப் பிரிவுல ஒரே ஒருத்தர்தான் ஆடியிருக்கார். பட்டம் அவருக்குத் தானா போயிடுது. சாருக்குத் தனிப் பிரிவு.”

எம்.டி. யோசித்தார். தனி என்ற சொல் அவருக்குப் பிடித்தமானது. தனிக் கார், தனி லிஃப்ட். முகம் தெளிந்தது. “நானும் அதான் நினைச்சேன்,” என்றார்.

ஷரத்து அங்கேயே எழுதி நீட்டினார்: ‘மேலாண்மை இயக்குநர், விதி ஒன்றின்படி, வயது வந்தவர் அல்லர்.’ கீழே இன்னொரு தாளும் இருந்தது, விதிப்புத்தகத்துக்குள் அவர் செருகி வைத்திருந்த மாப்பிள்ளையின் நிரந்தர உத்தரவு. ஒரே கொக்கியில் இரண்டு சாமானைத் தொங்கவிட்டு நிறுப்பதில் தப்பில்லை. எம்.டி. வழக்கம்போல் எதையும் வாசிக்காமல் இரண்டிலும் கையெழுத்திட்டார். அறிக்கை வரவேற்பறையில், கண்ணாடிச் சட்டத்துக்குப் பக்கத்திலேயே ஒட்டப்பட்டது. கடந்துபோகிறவர்கள் எல்லோரும் வாசித்துவிட்டு, பாராட்டுகிற முகத்தோடு நகர்ந்தார்கள்.

மாடிப்படியில் இறங்கும்போது மாப்பிள்ளை பெல்ட்டைச் சுருட்டிக்கொண்டே கேட்டான்.

“மாமா, ஒரு சந்தேகம். தோத்ததைச் சொல்லத் தெரியாதவரைத் தனிப் பிரிவுல போட்டீங்க. சரி. கழுத்துல கையே விழாம தட்டினாங்களே ரெண்டு பேர், அப்புறம் ஆட்டத்துக்கு முந்தின நாளே ரிசல்ட் டைப் அடிச்சு பாக்கெட்ல வெச்சிருந்தாரே ஒருத்தர், இவங்கெல்லாம் எந்தப் பிரிவு?”

ஷரத்து சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறையாக, உட்பிரிவு எதுவும் இல்லாத ஒரு வாக்கியம் அவர் வாயிலிருந்து வந்தது.

“அவங்களுக்குப் போட்டி கிடையாது, மாப்ளே. சம்பளம்தான்.”