மகள் வயதில் ஒரு பாட்டில்

இன்று அந்தப் பாட்டிலைத் திறந்தே தீருவது என்று முடிவு செய்துவிட்டேன். எங்கள் வீட்டில் முடிவெடுப்பது நான். அனுமதி கொடுப்பது மட்டும் என் மனைவி.

பிரான்ஸ் நாட்டுப் போர்தோ சிவப்பு ஒயின். மகள் பிறந்த வருடத்துத் திராட்சை. அலமாரியின் அடித்தட்டில், கம்பளிகளுக்குப் பின்னால், தக்கை காயாமலிருக்கப் படுத்தே கிடக்கிறது. மகள் தவழ்ந்து, நடந்து, படித்து, வேலை கிடைத்து, விமானம் ஏறிப் போய்விட்டாள். பாட்டில் படுத்த இடத்தைவிட்டு அசையவில்லை.

நான் அச்சகத்தில் பிழை திருத்துபவன். குடித்த ஒயினைவிடப் படித்த ஒயின் அதிகம். படித்ததில் ஒரு வரி தூக்கத்தைக் கெடுத்துவிட்டது: எந்த ஒயினுக்கும் ஒரு காலம் உண்டு, அது தாண்டினால் காடிதான்.

"அவ வரட்டும், அவ வரட்டும்னே அதுக்கு வயசாயிடுச்சு," என்றேன்.

"நமக்குந்தான் வயசாச்சு. நம்மள யாராவது திறந்து பாத்தாங்களா?"

"விளையாடாத. 'அடுத்த லீவுக்குக் கண்டிப்பா வர்றேன்பா'ங்கிறா. எந்த வருஷத்து லீவுன்னு சொல்லமாட்டேங்கிறா."

மனைவியின் கை நின்றது. மடித்துக்கொண்டிருந்தது மகளின் பழைய ஸ்வெட்டர். யாரும் போடாததை எதற்குத் துவைக்கிறாய் என்று நான் கேட்டதில்லை. காய்ந்ததும் கொடியிலிருந்து எடுத்து வருபவன் நான்தான்.

"சரிங்க, ஒரு பரீட்சை வைக்கிறேன்," என்றாள். "சமையலுக்கு வாங்கின ஒயின் ஒண்ணு பிரிக்காம இருக்கு. ரெண்டு டம்ளர்ல ஊத்தித் தர்றேன். எது உங்க பொக்கிஷம்னு சரியாச் சொன்னா, பாட்டில் மொத்தமும் உங்களுக்கு. தப்பாச் சொன்னா, அவ வர்ற வரைக்கும் பாட்டில் அங்கேயே படுத்திருக்கட்டும்."

"பாவம் நீ, தோக்கப்போற. மெதுவா ஊத்து. அடியில வண்டல் இருக்கும்."

"மருந்துக் கடையில தினம் அளந்து ஊத்துறவ நான். சும்மா உக்காருங்க."

சமையலறையில் தக்கை 'டப்' என்றது. ஆகா, அந்தச் சத்தத்திலேயே என்ன முதிர்ச்சி!

முதல் டம்ளரைச் சுழற்றி, முகர்ந்து, ஒரு வாய் பருகினேன். "இது சமையல் சரக்கு. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே மேனேஜரோட சண்டை போடுற பையன் மாதிரி. சத்தம் ஜாஸ்தி."

"அடுத்தது?"

இரண்டாவதைப் பருகியதும் கண் மூடிக்கொண்டது. "தேவதாரு மரப்பெட்டி. மழை விட்ட மண். வக்கீல் ஆபீஸ் தோல் நாற்காலி. அப்புறம்..." இன்னொரு வாய் பருகினேன். "அவளைத் தூக்கிட்டு வந்த அன்னிக்கு இந்த ரூம்ல இருந்த வாசனை."

நான் அந்த டம்ளரைக் கடைசிச் சொட்டுவரை குடித்தேன்.

"இதுதான். சந்தேகமே இல்ல. ஜெயிச்சுட்டேன்ல?"

"ரெண்டுமே சமையல் ஒயின்தாங்க."

"என்னது?"

"வெறும் சர்க்கரை மாத்திரை குடுத்தாலே பாதிப் பேருக்குத் தலைவலி போயிடும். கடையில பாத்திருக்கேன்."

அலமாரிக்கு ஓடினேன். பாட்டில் படுத்திருந்தது. முத்திரை அப்படியே.

"இது மோசடி!"

"திறந்த ஒயின் தாங்காதுன்னு பாடம் எடுத்தது நீங்க. பரீட்சைக்குத் திறந்துட்டா, நீங்க தோத்தாலும் அவ வர்ற வரைக்கும் அது எப்படிங்க படுத்திருக்கும்? ஊர் எழுதினதுல எல்லாம் பிழை கண்டுபிடிக்கிறீங்க, நான் சொன்னதுல இருந்ததைக் கோட்டை விட்டுட்டீங்களே."

அவள் ஸ்வெட்டரைக் கொண்டுவந்து பாட்டிலின் மேல் போர்த்தினாள். குழந்தைக்குப் போர்த்துவதுபோல ஓரத்தைச் செருகியும் விட்டாள்.

"அவ வந்து, புளிச்சுப் போயிருந்தா?" என்றேன் மெதுவாக.

"மூணு பேரும் சேந்து முகத்தைச் சுளிப்போம்."

கம்பளிகளை முன்போலவே அடுக்கி, அலமாரியைச் சாத்தினேன்.

"ஏங்க," என்றாள் பின்னாலிருந்து. "நாளைக்கு வரும்போது அந்த வக்கீல் ஆபீஸ் நாற்காலி ஒயின்ல இன்னொரு பாட்டில் வாங்கிட்டு வாங்க. சமையலுக்கு இல்ல."