தோலுக்கு ஒரு விலை

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது: திருகோணமலை நகரவாசி ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக நூற்றெண்பது கிராம் வாழைப்பழத் தோல் உண்கிறார். தேசிய உணவு ஆய்வு அப்படிச் சொல்கிறது. தேசம் பொய் சொல்லாது.

மக்கள் உண்டதற்கெல்லாம் விலை போடுவது விலை மதிப்பீட்டு உத்தியோகத்தர் ஆனந்தராசாவின் கடமை. முந்நூற்றுப் பதினொரு பண்டத்துக்குப் போட்டாயிற்று. தோல் மட்டும் மிச்சம்.

"பூச்சியம் எண்டு போடட்டே, மிஸ்?" என்று கொழும்பிலிருந்த பணிப்பாளர் கஜந்தியிடம் தொலைபேசியில் கேட்டார்.

"கொம்பியூட்டர் பூச்சியத்தை ஏற்காது. நாலு மணிக்குள்ள விலை வரவேணும். இல்லாட்டி நீங்கள் திரும்பவும் புல்மோட்டைக்குத்தான்."

ஆறு வருடம் புல்மோட்டையில் தனிக்கட்டையாகக் கிடந்துவிட்டு, போன மாதம்தான் மனைவி குணேஸ்வரியின் கைச்சோற்றுக்கு வந்து சேர்ந்தவர் அவர்.

துறைமுகம் வெயிலில் கண்சொருகிக் கிடந்தது. கப்பல் நகர்கிறதா, தண்ணீர்தான் நகர்கிறதா என்று தெரியாத பத்து மணி. ஆனந்தராசா சந்தைக்குள் மிதந்து போனார்.

பழக்கடை முனீப் சிரித்தார். "சேர், பழம் வாங்கினாத் தோல் சும்மாதானே வருது!"

"பழம் வேண்டாம். தோல் மட்டும் என்ன விலை?"

முனீப்பின் சிரிப்பு நின்றது. அரசாங்கம் ஒன்றுக்கு விலை கேட்டால் அதில் ஏதோ இருக்கிறது. "கிலோ ஐம்பது," என்றார்.

ஒரு கடை விலை செல்லாது, மூன்று கடை வேண்டும் என்பது விதி. இரண்டாவது கடைக்கு அவருக்கு முன்னால் கதை போய்விட்டிருந்தது. அங்கே நூற்றைம்பது. ஜூஸ் கடை ஸல்ஹாவோ குப்பை வாளியைக் குழந்தைபோல அணைத்துக்கொண்டார்.

"முந்நூறு, சேர். தோல் ஏத்தக் கிண்ணியாவில இருந்து லொறி வருதாம்."

மதியத்துக்குள் தோல் பழத்தைவிட விலை கூடிவிட்டது. உரித்த பழத்தை வருவோர் போவோருக்கெல்லாம் சும்மா நீட்டினார்கள். ஆனந்தராசாவுக்கு நின்றபடியே கனவு வந்தது. கல்யாண வீட்டுப் பந்தியில் தோல் மட்டும் பரிமாறுகிறார்கள். குணேஸ்வரி தோலைத் தாளித்துவிட்டுப் பழத்தைக் காகத்துக்கு வைக்கிறாள்.

அனுப்பிய கணக்கைக் கொம்பியூட்டர் துப்பியது. தோலோடு விற்கும் பழத்தில் தோலின் விலையைக் கழித்தால் பழத்தின் விலை பூச்சியத்துக்கும் கீழே.

"ஆய்வில தோல் எண்டு சொன்ன வீடு ஒண்டே ஒண்டுதான்," என்றார் கஜந்தி. "அதைத்தான் நகரத்துக்கே பெருக்கியிருக்கிறம். அங்க போய் என்னண்டு சமைக்கிறதெண்டு கேளுங்கோ. சமைச்ச பண்டமெண்டால் பழத்தில கழிக்கத் தேவையில்லை."

மூன்றரை மணிக்கு, கோட்டையடியில் ஓர் ஒழுங்கை. வியர்த்து வழிந்தபடி ஆனந்தராசா கதவைத் தட்டினார். வீட்டுக்கார நல்லம்மா திறந்தார்.

"அம்மா, வாழைப்பழத் தோலை நீங்கள் அவிக்கிறதோ, பொரிக்கிறதோ?"

நல்லம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஆய்வெண்டு வந்தவை, முதல் நாள் இந்த வீட்டில சாப்பிட்டதுகளில ஒண்டையும் விடாமச் சொல்லச் சொன்னவை, தம்பி. தோல் திண்டது வாசலுக்கு வாற கோட்டை மான்."