ஆறு மெதுவாகப் போகிறது

"போன வருஷம் வந்த அதே கல்வி அதிகாரிதான். நாளைக்கு மத்தியானம் முதல் பீரியட், உங்க கிளாஸ்தான் வேணும்னு கேட்டு வர்றாரு" என்றார் தலைமையாசிரியை. "மனசுல என்ன வெச்சிருக்காரோ. இந்தத் தடவையும் சொதப்புனா மாற்றல்தான் சார்."

பூகோள வாத்தியார் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். போன வருஷம் அந்த மனுஷர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, குனிந்த தலை நிமிராமல் பீரியட் முழுக்கக் குறிப்பு எழுதினார். ஒரு மனிதனிடம் அத்தனை குறையா இருக்கும்? மாற்றல் வந்தால் மனைவி இந்த ஊர்த் தபால் ஆபீசில், இவர் எங்கோ ஒரு வாடகை அறையில்.

"நீங்க பேசுனா எனக்கே கொட்டாவி வருதுங்க" என்றாள் மனைவி, ராத்திரி விஷயத்தைக் கேட்டுவிட்டு. "பாடத்தை நடிச்சுக் காட்டுங்க." ஆற்றுப் பாடத்துக்கு என்று நீலப் படுக்கை விரிப்பு ஒன்றையும் மடித்துக் கொடுத்தாள்.

மறுநாள் மத்தியானம் ஊரே வெயிலில் சொக்கிக் கிடந்தது. ஜன்னல் வழியாக விழுந்த வெளிச்சத்தில் சாக்பீஸ் தூள் போக்கிடம் தெரியாமல் மிதந்தது. ஜீப் வந்து நின்றது. டிரைவர் ஜன்னலோர மர நிழலில் ஒதுங்க, அதிகாரி நேராகக் கடைசி பெஞ்சுக்குப் போனார். கண் இரண்டும் சிவந்திருந்தன. கோபம் ஒரு வருஷமாகியும் தணியவில்லை என்று வாத்தியார் புரிந்துகொண்டார்.

இரண்டு பிள்ளைகள் விரிப்பைப் பிடித்து அலை அடித்தார்கள். முன் பெஞ்சுக் குட்டிப்பெண் மேஜைமேல் ஏறி மலையாக நின்றாள். அதிகாரி முகத்தைச் சுளித்தார்.

போதவில்லை போலிருக்கிறது என்று, வாத்தியார் மரப் பலகை ஒன்றைச் சாய்த்து வைத்து ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினார். ஆறு அழகாக இறங்கி, வளைந்து, அதிகாரியின் காலணிக்குள் போய்ச் சேர்ந்தது.

"எல்லாரும் ஜோரா கை தட்டுங்க" என்றார் வாத்தியார், வேறு வழி தெரியாமல். கூரையே அதிர்ந்தது.

அதிகாரி காதைப் பொத்திக்கொண்டார். "எதுக்குய்யா இந்தக் கூத்து? போன வருஷம் நடத்துன மாதிரியே நடத்துங்களேன்."

குத்திக் காட்டுகிறார். வாத்தியாருக்கு அழுகை வந்தது. இனி என்ன இருக்கிறது? மாற்றல் உறுதி. விரிப்பை மடித்து வைத்துவிட்டு, பதினெட்டு வருஷப் பழக்கக் குரலில், யாரையும் பார்க்காமல் ஆரம்பித்தார்.

"ஆறு மலையில் பிறக்கிறது. சமவெளிக்கு வந்ததும் மெதுவாகப் போகிறது. வளைந்து வளைந்து, வண்டலை இறக்கி இறக்கி, கடலை நெருங்க நெருங்க இன்னும் மெதுவாக..."

காற்று வந்து போயிற்று. மலை மேஜைமேலேயே உட்கார்ந்து கண் செருகியது. அறையே ஒரு படகில் ஏறிப் போவது போல இருந்தது. வாத்தியார் மெல்ல நிமிர்ந்தார். கடைசி பெஞ்சில் அதிகாரியின் தலை குனிந்திருந்தது.

மறுபடியும் எழுத ஆரம்பித்துவிட்டார். பாடம் நின்றது.

ஜன்னலுக்கு வெளியிலிருந்து டிரைவர் பதறி எட்டிப் பார்த்தார்.

"நிறுத்திடாதீங்க சார்" என்று கிசுகிசுத்தார். "போன வருஷம் உங்க கிளாஸ்ல தூங்குன மனுஷன், அதுக்கப்புறம் இன்னைக்குத்தான் கண்ணை மூடியிருக்காரு."